பழைய காருக்குப் புதுப் பெயிண்ட்: நிறத்துக்கு அடியில் நடக்கும் வேலை

[காட்சி: அருகருகே இரண்டு கார்கள், இரண்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்தவை]

வணக்கம். பட்டறையிலிருந்து வெளியே வரும் நாளில் நல்ல பெயிண்டும் மோசமான பெயிண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் சாயம் வெளுக்கும். சக்கர வளைவின் ஓரத்தில் சின்னக் கொப்புளம் எழும். கதவுக் கைப்பிடியைச் சுற்றி நகம் பட்டாலே பெயிண்ட் உரிந்து வரும். அதற்குப் பிறகு பட்டறைக்காரரோடு வாதாடிப் பயனில்லை. கலர் ஏறுவதற்கு முன்பே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று இந்த வீடியோவில் சொல்கிறேன்.

முதலில், உங்கள் காருக்குப் புதுப் பெயிண்ட் உண்மையிலேயே தேவையா? வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, மங்கிய இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டால், அது கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு, இல்லாத பழைய வகைப் பெயிண்ட். வெயிலில் மேல்பரப்பு மட்டும் வெளிறியிருக்கலாம். நல்ல பாலிஷிலேயே நிறம் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. பழைய காரின் முதல் பெயிண்ட் இன்னும் உயிரோடு இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் என் விருப்பம். ஆனால் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டுகளாகத் தோல் உரிவது போல உரிந்தால், போய்க்கொண்டிருப்பது கிளியர் கோட். அதற்குப் பாலிஷ் மருந்தாகாது.

[காட்சி: துணி சுற்றிய சிறு காந்தம் கதவின் கீழ்ப்பகுதியில் நகர்கிறது]

அடுத்து, துரு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் நன்றாகப் பிடிக்கும் காந்தம் ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், அங்கே யாரோ பட்டியை, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசையை, தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். கம்பெனிப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). தடிமன் காட்டும் கருவி அதைவிடப் பல மடங்கு காட்டினால், அதுவும் அதே கதைதான். துருவின் மேல் பட்டி பூசுவது துருவை மறைக்கும், நிறுத்தாது. அரித்துப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. இதைச் செய்யத் தயங்கும் பட்டறையில் காரை விடாதீர்கள்.

இனி தயாரிப்பு. தேய்ப்பதற்கு முன்பே, மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும் திரவத்தால் கார் முழுவதையும் துடைக்க வேண்டும். பல வருடங்களாகப் பூசிய பாலிஷில் சிலிக்கோன் இருக்கும். அதைத் துடைக்காமல் உப்புத்தாளைப் போட்டால், அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு கலர் அடிக்கும்போது பெயிண்ட் அங்கங்கே விலகி, மீன் கண் அளவில் வட்டவட்டமாகப் பள்ளம் விழும்.

வெறும் தகடு தெரியும் இடங்களில் தாமதிக்காமல் எபாக்ஸி ப்ரைமர், அதாவது தகட்டைத் துருவிலிருந்து காக்கும் அடிப்பூச்சு, ஏற வேண்டும். பட்டி பூசியதும் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லதல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்னாளில் எழும் கொப்புளங்களுக்கு இதுவும் ஒரு காரணம். உலர்வாக, நீளமான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் குழியாகும்.

காரைக் கொடுக்கும்போதே பட்டறைக்காரரிடம் இப்படிச் சொல்லிவையுங்கள்: "கலர் அடிப்பதற்கு முந்தின நாள் நான் வந்து பார்க்கிறேன்." இந்த வீடியோவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கைவேலைக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். தன் வேலையைக் காட்ட அவருக்கும் ஆசை இருக்கும்.

[காட்சி: ப்ரைமர் அடித்த கதவு. ஈரத் துணி ஒரு முறை துடைத்துச் செல்கிறது. குழல் விளக்கின் பிம்பம்]

அன்றைக்கு என்ன பார்ப்பது? ப்ரைமர் மங்கலானது, மேடு பள்ளத்தைக் காட்டாது. அந்தத் துடைக்கும் திரவத்தால் கதவை ஈரமாகத் துடைக்கச் சொல்லுங்கள். காய்வதற்குள் சில நொடிகள் அது கண்ணாடி போல் மின்னும். பக்கவாட்டில் குனிந்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். கோடு நேராக ஓடினால் கதவு சமமாக இருக்கிறது. ஓரிடத்தில் நெளிந்தால் அந்த இடத்தை இன்னும் தேய்க்க வேண்டும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் இந்த நெளிவு பின்னால் பளிச்சென்று தெரியும்.

கைப்பிடி, விளக்குகள், கண்ணாடி ஓர ரப்பர்கள் எல்லாம் கழற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால், பெயிண்ட் உரியத் தொடங்குவது அந்த ஓரத்தில்தான்.

நிறத்தைப் பொறுத்தவரை, காரில் குறித்திருக்கும் நிறத்தின் குறியீடு (பெயிண்ட் code) ஒரு தொடக்கம் மட்டுமே. ஒன்றிரண்டு பாகங்களுக்கு மட்டும் அடிப்பதாக இருந்தால், மங்கிய மற்ற பாகங்களோடு அது ஒத்துப்போகாது. சிறு அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லி, கிளியர் கோட்டும் ஏறிய பிறகு, வெயிலில் காரோடு சேர்த்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறமென்றால் நேராகவும் சாய்வாகவும் பார்க்க வேண்டும்.

இதை வீட்டு முற்றத்தில் தாமே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. ஹார்டனர், அதாவது பெயிண்டை இறுக வைக்கும் திரவம், கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைக் கிளப்பும். சாதாரண முகக்கவசம் இதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசம் வேண்டும். தேய்ப்பது, கழற்றுவது வரை நீங்கள் செய்யுங்கள். ஸ்ப்ரே கன் வேலையை, பூத், அதாவது பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை, வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கார் வீட்டுக்கு வந்த பின் ஓரிரு மாதங்களுக்கு மெழுகு பூச வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேற வேண்டும். பறவை எச்சம் விழுந்தால் ஊறவைத்து அன்றைக்கே கழுவிவிடுங்கள். காரை எடுக்கும்போது, கலந்த பெயிண்டின் அளவுக் குறிப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை ஒரு கதவில் கீறல் விழுந்தால், கலர் கலப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.