இழுத்த கயிறு ஒன்றுதான்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்பு அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்ற செயலாளர் அவர்களே, பள்ளி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். குழுக்கள் ஏன் மோதிக்கொள்கின்றன என்ற இந்தப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம், "முதலில் மேடைக்கு வா, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைப்பவர் அவர். அந்த மனசு எல்லோருக்கும் வராது. செயலாளர் அவர்கள் மூன்று முறை தொலைபேசியில் நினைவூட்டினார். அவருக்கும் என் நன்றி.

'ஊர் கூடித் தேர் இழு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி இது. இன்றைக்கும் விடப்போவதில்லை.

ஒரு குழுவும் இன்னொரு குழுவும் ஏன் மோதிக்கொள்கின்றன? மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். போட்டி எப்படிப் பகையாகிறது என்பது ஒன்று. போட்டியே இல்லாதபோதும் 'நாம்', 'அவர்கள்' என்ற பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டு. வதந்தி மூன்றாவது.

முதலாவதற்கு ஒரு கதை உண்டு. நடந்த கதை. 1954ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்று ஒரு மலைக்காட்டுப் பூங்கா. துருக்கியில் பிறந்த முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் அங்கே ஒரு முகாம் நடத்தினார். 22 பையன்கள், எல்லோருக்கும் பதினொன்று வயதை ஒட்டித்தான் இருக்கும். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, ஒரே நிறம், ஒரே மதப் பிரிவு. சண்டை போடக் காரணமே இல்லாத பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

இரண்டு பேருந்தில் தனித்தனியாகக் கூட்டிவந்து தனித்தனி இடத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்தில் இன்னொரு குழு இருப்பதே முதலில் அவர்களுக்குத் தெரியாது. ஒரு குழு தனக்கு 'ஈகிள்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது, கழுகுகள். மற்றது 'ராட்லர்ஸ்', வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் விஷப்பாம்பின் பெயர். பாருங்கள், கழுகும் பாம்பும்! அப்புறம் போட்டி அறிவித்தார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல், ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. அவ்வளவுதான். ஓரிரு நாளில் கொடியை எரித்தார்கள். அறைக்குள் புகுந்து கட்டிலைக் கவிழ்த்தார்கள். 'அவன்களோடு சேர்ந்து சாப்பிட மாட்டோம்' என்றார்கள். கல்லைக்கூடக் கையில் எடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு தெருவில் பார்த்திருந்தால் இதே பிள்ளைகள் சேர்ந்து விளையாடியிருப்பார்கள்.

சரி, சேர்த்து உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்று சேர்ந்து சாப்பிடவைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்கவைத்தார்கள். சாப்பாட்டை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஷெரீப் வழியை மாற்றினார். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. இரண்டு குழுவும் சேர்ந்துதான் அடைப்பைத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்னொரு நாள், சாப்பாடு வாங்கிவரப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. பையன்கள் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்துக் கட்டி எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? எதிரெதிராக நின்று கைதோல் உரிய இழுத்தார்களே, அதே கயிறு! தேரின் வடம் வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஊர் கூடித் தேர் இழு.

ஒரே இழுப்பில் பகை தீரவில்லை. இப்படிப் பல வேலைகள் சேர்ந்து செய்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தணிந்தது. ஊருக்குத் திரும்பும்போது எல்லோரும் ஒரே பேருந்தில் போகலாம் என்று பையன்களே கேட்டார்கள். வழியில் வண்டி நின்ற இடத்தில், ராட்லர்ஸ் தாங்கள் ஜெயித்து வைத்திருந்த ஐந்து டாலரை எடுத்து இரண்டு குழுவுக்கும் சேர்த்துக் குடிக்க வாங்கிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் முழு விவரம் சொல்லாமல் பிள்ளைகளை வைத்து இப்படிச் சோதித்தது எனக்கு ஒப்புதல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், அவரே நடத்திய இன்னொரு முகாமில் பையன்களை முதலில் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள். அங்கே பகை பற்றிக்கொள்ளவே இல்லை. முகாமைப் பாதியில் கைவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஜெயித்த சோதனையைவிடத் தோற்ற சோதனைதான் பெரிய பாடம்.

இரண்டாவது செய்தி. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதியாக இருந்து உயிர் தப்பியவர். ஊர் திரும்பியபோது குடும்பத்தில் கிட்டத்தட்ட யாருமே மிச்சமில்லை. அவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களிடம் சில ஓவியங்களைக் காட்டி, "உனக்குப் பிடித்தது கிளேயின் படம், உனக்குப் பிடித்தது கான்டின்ஸ்கியின் படம்" என்று இரண்டாகப் பிரித்தார். உண்மையில் அது குலுக்கல் போலப் பிரித்ததுதான். தான் எந்தப் பக்கம் என்பது தெரியும், தன் பக்கத்தில் வேறு யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அப்படியும், காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னால் தன் பக்கத்துக்கே கூடக் கொடுத்தார்கள். தன் பக்கத்துக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தைவிட நாம் மேலே இருந்தால் போதும் என்று பலர் நினைத்தார்கள். 1970இல் வெளியான ஆய்வு இது. பெயர் ஒட்டினாலே போதும் என்கிறது.

அதனால்தான் நான் பள்ளிக்கூடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகளைப் பிரித்துப் பெயர் ஒட்டுகிற முதல் இடம் வகுப்பறை. நன்றாகப் படிப்பவர் ஒரு பிரிவு, படிக்காதவர் ஒரு பிரிவு. 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில், இனம் கலந்து படிக்கத் தொடங்கிய பள்ளிகளில் அடிதடி மூண்டபோது எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழு. பாடத்தை அத்தனை துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. மற்றவர் சொல்லாமல் முழுப் பாடமும் யாருக்கும் கிடைக்காது. பேசத் திக்கிய ஒரு பையனை முதலில் கேலி செய்தவர்கள், அவன் துண்டு இல்லாமல் தேர்வு எழுத முடியாது என்றதும் பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனைப் பேசவைத்தார்கள். வகுப்புக்குள்ளே ஊர் கூடித் தேர் இழுக்கிற முறை இது.

இந்த முறைக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட். நான் கேட்பது அவ்வளவுதான்.

வதந்தியைப் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் பொறுமைக்கு மறுபடியும் நன்றி. வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள் உங்கள் வகுப்பையும், எந்தப் பாடத்துக்கு அந்த இரண்டு பீரியட் தர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பாடத்தைத் துண்டு போட்டுக் கொடுக்கிற வேலையை நாங்கள் செய்து தருகிறோம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.