மோதிர விரல் மட்டும் ஏன் எழும்புவதில்லை?

வணக்கம். உள்ளங்கையை மேசையில் பதித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டை விரலைத் தூக்குங்கள். வருகிறதா? ஆள்காட்டி விரல்? சுண்டு விரல்? எல்லாம் வரும். சரி, மோதிர விரல்? பெரும்பாலானவர்களுக்கு எவ்வளவு முக்கினாலும் எழும்பாது. பயப்பட வேண்டாம், உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது.

விரலை ஆட்டும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. இன்னொரு கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு விரல்களால் தாளம் போடுங்கள். தோலுக்கடியில் நெளிகிறதே, அங்கேதான் இருக்கிறது விரல்களை நீட்டும் தசையான எக்ஸ்டென்சர் டிஜிடோரம். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் தொடங்கி, மணிக்கட்டுக்கு மேலே நான்கு நாண்களாக (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை) பிரிந்து, கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரல்களுக்கும் போகிறது.

புறங்கையில் இந்த நாண்களைக் குறுக்கே சில பட்டைகள் இணைக்கின்றன. நடுவிரலை மடக்கினால் அதன் நாண் முன்னால் இழுபடும். பட்டையால் கட்டுண்ட மோதிர விரலின் நாணும் கூடவே போய்த் தளர்ந்துவிடும். அப்புறம் தசை எப்படி இழுத்தாலும் விரலுக்குப் போய்ச் சேராது. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தனித்தனியாக இன்னொரு நீட்டும் தசை இருப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

எக்ஸ்டென்சர் டிஜிடோரத்தின் முக்கிய வேலை விரலின் அடிமூட்டை நிமிர்த்துவது. நடுமூட்டையும் நுனிமூட்டையும் நீட்ட உள்ளங்கையின் சிறு தசைகளும் துணைக்கு வருகின்றன. இந்தத் தசையை இயக்கும் ரேடியல் நரம்பின் ஆழமான கிளை பாதிக்கப்பட்டவர்களிடம் இது தெளிவாகத் தெரியும்: அடிமூட்டை நிமிர்த்த முடியாது. நாம் அதைத் தாங்கிப் பிடித்தால், விரலின் மீதிப் பகுதியை அவர்களே நீட்டிவிடுவார்கள்!

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பந்து விரல் நுனியில் நேராக மோதினால், நாண் நுனி எலும்போடு சேரும் இடத்தில் அறுந்து, நுனி தொங்கிப்போகலாம். பெரிய வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமாக 6 முதல் 8 வாரம், தூங்கும்போதும் கழற்றாமல் ஸ்பிளின்ட் (விரல் நுனியை நீட்டியே பிடித்துவைக்கும் தாங்கி) போடச் சொல்வார்கள். கழுவுவதற்காகக் கழற்றினாலும் விரலை மேசைமேல் நீட்டியே வையுங்கள். நுனி ஒருமுறை மடங்கிவிட்டால், வாரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.