ஊசிக்கு முன்னால் ஒரு குப்பி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

குழந்தைப்பேறு தள்ளிப்போனால் முதலில் வேண்டியது நேரே ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் சிகிச்சையா, முறையான பரிசோதனையா? இதுதான் தலைப்பு. "வயது ஓடுகிறது, பரிசோதனை என்று மாதங்களைக் கரைக்காதீர்கள்" என்றார் எதிரணித் தலைவர். எத்தனை மாதம் ஐயா? பெரும்பாலும் ஒரே ஒரு மாதவிலக்குச் சுழற்சி போதும்.

விலக்கான இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்தம் எடுத்து தைராய்டு, பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பார்த்துவிடலாம். ரத்தப்போக்கு நின்றதும், பத்தாம் நாளுக்குள், கருக்குழாய் எக்ஸ்ரே. மருந்தைச் செலுத்தும்போது தசை இறுகிக்கொண்டால் திறந்திருக்கும் குழாயும் அடைத்தது போலத் தெரியும். அதனால் அந்த ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. கடைசியாக, முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். எல்லாருக்கும் 21ஆம் நாள் என்று எழுதிவிடுவதில்தான் தவறு நேர்கிறது. அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்னால் பார்க்க வேண்டிய சோதனை இது. 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அது 28ஆம் நாள். 21ஆம் நாளில் அவருக்குக் கருமுட்டை அப்போதுதான் வெளிவரும். "முட்டையே உருவாகவில்லை" என்று அவர் தலையில் விழுவது பொய்ப் பழி!

ஆனால் இத்தனைக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஆணின் விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒரு குப்பி போதும். நம் வீடுகளிலோ மருமகளுக்கு எல்லா ஊசியும் போட்டு முடித்த பிறகுதான் மகனைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இது.

அந்தக் குப்பியிலும் கவனம் வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்திருக்க வேண்டும். விந்தணுக்கள் அதிகம் இருப்பது முதலில் வரும் பகுதியில். அது சிந்திவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும், சிந்தியதைச் சொல்லிவிட வேண்டும். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டோடு சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனால் மலடு என்று பொருளல்ல. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும்; போன மாதம் வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அதனால் குறைந்து வந்தால், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகள் இதைக் கேளுங்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும்; விந்தணு பூஜ்யத்துக்கே இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் பல மாதம் ஆகும். இதைக் கேட்டறியாமல் மனைவிக்கு ஐ.வி.எஃப். ஊசி போடுவது எந்த நியாயம்?

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் (பி.சி.ஓ.எஸ்.) முட்டை வெளிவராத பெண்ணுக்கு முதல் மருந்து லெட்ரோசோல் மாத்திரை. மருத்துவர் மேற்பார்வையில் ஐந்து நாள், பெரும்பாலும் 2.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்கள். ஐந்து சுழற்சிகள் வரை லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரையில் தீரக்கூடியதற்கு எடுத்ததுமே அறுவை அரங்கு எதற்கு?

வயது பற்றி எதிரணி சொன்னதில் நியாயம் உண்டு. 35 தாண்டிய பெண் ஓராண்டு காத்திருக்கக் கூடாது, ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 40 தாண்டினால் உடனே. இரண்டு கருக்குழாயும் அடைத்திருந்தால் ஐ.வி.எஃப். வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அடைத்த குழாயில் நீர் தேங்கி வீங்கியிருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, கரு ஒட்டும் வாய்ப்பைக் குறைத்துவிடும். குழாயை நீக்கியோ கட்டியோ விட்டுத்தான் கருவை உள்ளே வைக்க வேண்டும். நேரே ஐ.வி.எஃப். என்கிறீர்களே, அந்த நீரை உங்களுக்குக் காட்டித் தரப்போவது எது ஐயா? பரிசோதனைதானே!