முனைவர் பட்டம் வேறு, சிகிச்சை அளிக்கும் தகுதி வேறு

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, அடுத்து மருத்துவ உளவியலில் பிஎச்.டி. சேரலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இன்றைய உரை.

விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பிஎச்.டி. ஓர் ஆராய்ச்சிப் பட்டம். அதை முடித்தவர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், கல்லூரியில் பாடம் நடத்தலாம், ஆய்வு செய்யலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு குன்னூரில் ஓர் அறை எடுத்து, மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று வரையறுத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. என்று நாம் சொல்லும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு வேண்டும். மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சி அந்தப் படிப்பில் உண்டு. பிறகு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

குழப்பம் பெரும்பாலும் இணையத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் மருத்துவ உளவியல் பிஎச்.டி. என்றால் ஆராய்ச்சியும் சிகிச்சைப் பயிற்சியும் சேர்ந்தே வரும், கடைசியில் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிச் சேருகிறவர்கள், ஐந்து வருடம் உழைத்த பிறகு பதிவு கிடைக்காமல் நிற்கிறார்கள். அந்த வலி யாருக்கும் வரக் கூடாது.

நோயாளிகளைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், முதலில் ஆர்.சி.ஐ. படிப்பு, பிறகு பிஎச்.டி. எம்.ஃபில். என்ற இரண்டு வருட முழுநேர ஆய்வியல் நிறைஞர் படிப்புதான் இதுவரை முக்கிய வழியாக இருந்தது. மற்ற துறைகளில் எம்.ஃபில். நிறுத்தப்பட்ட பிறகும், மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு நீட்டிப்புக் கொடுத்தது. டாக்டர் ஆஃப் சைக்காலஜி என்ற தொழில்முறை முனைவர் படிப்பும் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் படிப்பின் பெயர், நிறுவனத்தின் பெயர், எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்ற மூன்றையும் பாருங்கள். சென்ற வருடம் அனுமதி இருந்தது என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி கைக்கு எட்டும் வழி என்பது உண்மை. ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. பிஎச்.டி.யையும் அப்படிப் படிக்க இடமில்லை. வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் செய்யலாம்.

மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி. சேர்க்கைக்குத் தகுதி பெற்றால், அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களுக்குத் தனி அறிவிப்பு வரும், அதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

இனி ஆய்வுத் திட்டம். பலர் சறுக்குவது இங்கேதான். "நீலகிரி மக்களின் மனநலம்" என்று தலைப்பு வைத்தால், ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார். கேள்வியைச் சின்னதாக்குங்கள். பி.எச்.க்யூ.-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை எடுத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். மூன்றாம் கேள்வி தூக்கம், நான்காவது களைப்பு, ஐந்தாவது பசி. கொழுந்து அதிகம் வரும் மாதத்தில், கோத்தகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் நாளெல்லாம் மேடேறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்? உடம்பு அசதியிலேயே இந்த மூன்று கேள்வியிலும் 9 வரை போய்விடலாம். மனச்சோர்வு இல்லாதவரும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அப்படியானால் தோட்டத் தொழிலாளருக்கு அந்த 10 பொருந்துமா? அதே ஆட்களை மருத்துவர் நேரில் பேசிக் கண்டறியும் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இது ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. உள்ளூர்க்காரருக்குத்தான் இது சட்டென்று தோன்றும். உங்கள் ஊரே உங்களுக்குப் பலம்.

திட்டத்தில் எத்தனை பேர், ஏன் அத்தனை பேர், எங்கே, எந்த மாதங்களில் என்று எழுதுங்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்துக்கும் சில மாதங்களை ஒதுக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்திருக்கிறீர்கள் என்பது நேர்காணலில் தெரியும்.

நெறியாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் எடுக்க முடியும். அதனால் இடம் காலியா என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை.

சான்றிதழ் விஷயத்திலும் கவனம் தேவை. மத்திய நிறுவனங்களுக்கு மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். எஸ்.டி. சான்றிதழைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தருவார், நாளாகும். அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள்.

நேர்காணல் பெங்களூரில் என்றால், கூடலூர் வழியாகப் போகும் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஒன்றிரண்டு அரசுப் பேருந்துகளை மட்டுமே விடுவார்கள். காலை 9 மணி நேர்காணலுக்கு அன்று விடியற்காலை கிளம்பலாம் என்று இருந்துவிடாதீர்கள். முந்தின நாள் மதியமே அசல் சான்றிதழ்களோடு புறப்பட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.