மித்ராஸ் கோயிலைப் பார்த்துவிட்டேன், அந்த ஃபார்வர்டுக்குப் பதிலும் சொல்லிவிடுகிறேன்

வணக்கம், வணக்கம்! இன்றைக்கு அறிமுகம் எல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரோமானியர்களின் சாமிகளைப் பற்றி, அதிலும் அவர்கள் கும்பிட்ட மித்ராஸ் என்ற சாமியைப் பற்றி, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரே ஃபார்வர்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "மித்ராஸ் டிசம்பர் 25 அன்று கன்னி வயிற்றில் பிறந்தவர், 12 சீடர்கள் வைத்திருந்தார், கிறிஸ்தவர்கள் அப்படியே காப்பியடித்துவிட்டார்கள்." போன வாரமும் வந்தது, இந்த முறை பின்னணி இசையோடு. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அந்த மதத்தைப் பற்றி உண்மையாகத் தெரிந்த விஷயங்கள் இதைவிட எவ்வளவோ சுவாரசியம், அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

அதனால்தான் லண்டன் மித்ராஸ் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். நகரத்தின் நட்டநடுவில், வால்புரூக் தெருவில், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்கு அடியில், சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கி.பி. 240 வாக்கில் கட்டியது. நுழைவு இலவசம். ஆனால் வெளியே ஒரு கடையில் ஒரு கப் டீ நாலரைப் பவுண்டு! நான் எப்போதும் பிளாஸ்கோடு போகிறவள் என்று உங்களுக்குத் தெரியும், அன்றைக்குப் பார்த்து எடுத்துப் போகவில்லை. அதுவும் என்ன டீ? வெந்நீரில் ஒரு பையைப் போட்டு, பக்கத்தில் குளிர்ந்த பாலை வைத்துவிட்டார்கள். கொதிக்கவே இல்லை. ஆயிரத்து எண்ணூறு வருஷப் பழைய கோயிலைக் காசில்லாமல் பார்க்க முடிகிற ஊரில் ஒரு டீக்கு நாலரைப் பவுண்டு வாங்குவது அநியாயம், அநியாயம்தான்.

சரி, கோயில். கீழே இறங்கியதும் இருட்டு. லேசாகப் புகைமூட்டம் போட்டு, அதில் ஒளியை விழவைத்து, இடிந்துபோன தூண்கள் நிற்பது போலக் காட்டுகிறார்கள். நடுவில் பள்ளமான நடைபாதை, இரண்டு பக்கமும் திண்ணை மாதிரி மேடை இருந்த இடம். அதில் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே இந்த அமைப்புதான். ரோமானியர்களின் தலைமைச் சாமி ஜூபிடரின் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: பலிபீடம் வாசலுக்கு வெளியே, வெட்டவெளியில், ஊரே நின்று பார்க்கும். இங்கே எல்லாமே உள்ளே, குகை மாதிரி, ஜன்னல்கூடக் கிடையாது. ஒரு சிறிய கூட்டம் விளக்கு வெளிச்சத்தில் எதிரும் புதிருமாகப் படுத்துக்கொண்டு விருந்து சாப்பிடுகிறது. கடைக்கோடியில் மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மித்ராஸ் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் அதன் மூக்கைப் பிடித்து இழுத்து, மறு கையால் கழுத்தோரம் கத்தியைச் செருகுகிறார். முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கும். வழிகிற ரத்தத்துக்கு நாயும் பாம்பும் தாவுகின்றன. ஒரு தேள் காளையின் விதைப்பையைக் கவ்வுகிறது. வாலின் நுனி கோதுமைக் கதிராக முடிகிறது! ஐரோப்பாவின் எந்த மூலையில் தோண்டினாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். இதற்கு அவர்கள் எழுதிவைத்த விளக்கம் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. வேதம் என்று ஒரு நூலும் மிஞ்சவில்லை.

ஆனால் ஒரு ஏமாற்றம். 1954இல் இங்கே தோண்டியபோது, வேலை முடிய வேண்டிய கடைசி நாளில், செப்டம்பர் 18, மித்ராஸின் பளிங்குத் தலை கிடைத்தது. செய்தி பரவி மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். அந்த அசல் தலை இந்த இடத்தில் இல்லை! அது லண்டன் அருங்காட்சியகத்தின் சொத்து. தலை எங்கே கிடைத்ததோ அங்கேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதில் நான் மாறப்போவதில்லை.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்தக் கோயிலையே ஒருமுறை இடம் மாற்றியிருக்கிறார்கள். 1962இல் கொஞ்சம் தள்ளி, தெருமட்டத்தில், சிமென்ட் பூசித் திரும்பக் கட்டினார்கள். இருட்டுக் குகையாக இருக்க வேண்டிய கோயில் வெயிலில் கிடந்தது. 2017இல்தான் சரியான ஆழத்துக்கு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. அதைச் செய்தவர்களுக்கு ஒரு பெரிய நன்றி.

இப்போது ஃபார்வர்டுக்கு வருகிறேன். கன்னி வயிறா? சிற்பங்களில் மித்ராஸ் பாறையிலிருந்து வெளியே வருகிறார். கையில் கத்தியும் தீப்பந்தமும். டிசம்பர் 25? கி.பி. 354ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றில் அந்தத் தேதியில் "வெல்லப்படாதவன்" பிறந்தநாள் என்று குறித்திருக்கிறது. அது சூரியக் கடவுளைக் குறிப்பது. மித்ராஸையும் வெல்லப்படாத சூரியன் என்று அழைத்தார்கள், உண்மைதான், ஆனால் அது மித்ராஸின் பிறந்தநாள் என்று பழைய ஆதாரம் எதிலும் இல்லை. 12 சீடர்கள்? இதே வால்புரூக்கில் 1889இல் கிடைத்த சிற்பத்தில், காளைக் காட்சியைச் சுற்றி வட்டமாக 12 ராசிகள் செதுக்கியிருக்கின்றன. அவற்றைத்தான் யாரோ சீடர்களாக்கிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. அந்தச் சிற்பத்தில் பெயரும் இருக்கிறது: ஊல்பியஸ் சில்வானஸ், ரோமானிய ராணுவத்தின் அகஸ்டா இரண்டாம் படையணியிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார். ஓய்வு பெற்ற சிப்பாயின் நேர்த்திக்கடன்! எனக்கு இந்த ஒரு வரி ஆயிரம் ஃபார்வர்டுக்குச் சமம்.

ஒற்றுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், இவர்கள் சடங்கில் ரொட்டியும் தண்ணீர்க் கிண்ணமும் வைக்கிறார்களே, இது பேய்கள் நம்மைப் பார்த்துச் செய்த போலி என்று எழுதினார். சேர்ந்து சாப்பிடுவது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். காளையை இவ்வளவு பெரிதாகச் செதுக்கியவர்கள் அந்தக் குறுகிய இடத்தில் காளையை வெட்டவில்லை. பெல்ஜியத்தில் டீனென் என்ற ஊரில், மித்ராஸ் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விருந்தின் மிச்சம் கிடைத்தது. 200க்கும் மேற்பட்ட கோழிகளின் எலும்பு! பெரும்பாலும் சேவல்கள்.

தீட்சையில் ஏழு படிகள். முதல் படி காக்கை, நாலாவது சிங்கம், ஏழாவது தந்தை. ரோமுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுக ஊரான ஓஸ்டியாவை விடாதீர்கள். அங்கே ஃபெலிசிஸிமஸ் என்பவர் பெயரால் அழைக்கப்படும் மித்ராஸ் கோயிலின் தரையில் ஏழு படிகளுக்கும் உரிய சின்னங்களைக் கறுப்பு வெள்ளைச் சில்லுகளில் பதித்திருக்கிறார்கள், ஏணிப்படி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பெண்களைச் சேர்க்கவே இல்லை. சிப்பாய், சுங்க ஊழியர், அடிமை, விடுதலை பெற்ற அடிமை எல்லோருக்கும் இடம் உண்டு, விடுதலை பெற்ற அடிமை "தந்தை" என்ற ஏழாவது படிக்குக்கூட ஏறலாம், ஆனால் பெண்ணுக்கு வாசலோடு சரி. அன்றைக்குப் பிறந்திருந்தால் நான் ஐசிஸ் கோயிலுக்குத்தான் போயிருப்பேன். எகிப்திலிருந்து வந்த அம்மன், ஆண் பெண் எல்லோருக்கும் பொது. இத்தாலியில் பொம்பெயி என்ற பழைய நகரத்தில் இருக்கும் ஐசிஸ் கோயில் கி.பி. 62 நிலநடுக்கத்தில் விழுந்தபோது அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்ததாகக் கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டது ஒரு ஆறு வயதுப் பையன்! பணம் அப்பாவுடையதாகத்தான் இருக்கும். அந்த அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்கிறார்கள்; அப்படிப்பட்டவர்கள் நகரசபைக்குள் போக முடியாது, பையன் போகலாம். அந்தக் கதை முழுசாக அடுத்த வீடியோவில். ஐசிஸ் பற்றிக் கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.