நண்டு இரத்தம் நீலம், கோப்பையிலேயே பாருங்கள்!

வணக்கம் உறவுகளே! இந்த வெள்ளைக் கோப்பையைக் கிட்டக் கொண்டு வருகிறேன். அடியில் நீலம் தெரிகிறதா? மை ஊற்றவில்லை, கமராவில் நிறமும் மாற்றவில்லை. நண்டு இரத்தம்!

காலையில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் நண்டு வாங்கினேன். கிலோ 2,000 ரூபா என்றார் அந்த அண்ணை. போன கிழமை 1,600! பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு விடவில்லை. 1,900 என்றார், நடக்கத் தொடங்கினேன், கூப்பிட்டார். 1,750! மேலே ஒரு குட்டி நண்டும் போட்டுத் தந்தார். நந்திக்கடல் நண்டு 1,750க்கு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நண்டின் காலை உடைத்ததும் இரத்தம் நிறமில்லாமல்தான் ஊறியது. "தண்ணி நண்டு, உன்னை ஏமாத்திப் போட்டான்" என்றார் மாமி. இல்லை மாமி! கொஞ்ச நேரம் காற்றுப் பட விட்டேன், நீலம் ஏறிவிட்டது. ஆ, சொல்ல மறந்துவிட்டேன், நண்டு உயிரோடு இருந்தது. அப்படி என்றால்தான் இதை ஒழுங்காகப் பார்க்கலாம்.

எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதில் இரும்பு இருக்கிறது, அதனால் சிவப்பு. நண்டுக்கு ஈமோசயனின், அதில் செம்பு. ஒட்சிசன் சேர்ந்தால் நீலம், இல்லாவிட்டால் நிறமில்லை. இறால், கணவாய், தேள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. எங்கள் உடம்புக்குள்ளும் இரத்தம் நீலமாம், காற்றுப் பட்டுத்தான் சிவக்குமாம். முழுப் பொய்! இரத்ததான முகாமுக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கை நாளத்தில் ஊசி, அதிலிருந்து குழாய், குழாயிலிருந்து பை. இடையில் காற்று எங்கே படுகிறது? பையில் கருஞ்சிவப்பாகத்தானே நிறைகிறது! ஒட்சிசன் குறைந்த இரத்தம் இருண்ட சிவப்பு, அவ்வளவுதான். கையில் நாளம் நீலமாகத் தெரிவது தோலுக்குள் வெளிச்சம் போய்த் திரும்புகிற விதத்தால்.

கரப்பானை அடித்தால் வெள்ளையாக வருகிறதே? பூச்சிகளில் ஒட்சிசன் நுண்குழாய்கள் வழியாக நேரே உடம்புக்குள் போகும், இரத்தம் அதைச் சுமக்கத் தேவையில்லை. நுளம்பை அடித்தால் வருகிற சிவப்பு எங்களுடையது!

எனக்கு மிகவும் பிடித்தது அந்தாட்டிக்காவின் பனிமீன். முதுகெலும்புள்ள மீன், ஆனால் ஈமோகுளோபினே இல்லை, இரத்தத்தில் நிறமும் இல்லை. உறைகுளிர்க் கடலில் ஒட்சிசன் நிறையக் கரைந்திருப்பதால் சமாளிக்கிறது. நியூகினியில் பச்சை இரத்தம் ஓடுகிற அரணையும் இருக்கிறது. பித்த நிறமிதான் காரணம். அவ்வளவு பித்தம் எங்கள் இரத்தத்தில் ஏறினால் தாங்க மாட்டோம், அது சுகமாகத் திரிகிறது!

அடுத்தது கணவாய். மூன்று இதயம் உள்ள பிராணி. உயிரோடு கிடைத்தால் உடனே வீடியோ போடுகிறேன். இப்போது மாமி நண்டைக் கேட்கிறார், குழம்புக்கு.