பந்தைப் பார்க்காத கண்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு, கனடாவின் வான்கூவர் நகரில், டல்லாஸ் மாவரிக்ஸ் அணியும் வான்கூவர் கிரிஸ்லீஸ் அணியும் மோதிய என்.பி.ஏ. ஆட்டத்தில் விசிலுடன் இறங்கிய மூன்று நடுவர்களில் ஒருவர் பெண். வயலட் பால்மர் என்பது அவர் பெயர். அந்தத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் ஆட்டமொன்றில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் நடுவராக நின்றதில்லை. கல்லூரியில் ஆடிவிட்டுப் பிறகு நெடுங்காலம் விசில் ஊதியவன் என்ற முறையில் அவருடைய பணியை நான் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் நல்ல நடுவராவது எப்படி என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது அவருடைய வாழ்க்கையைத்தான்.

பால்மர் கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் வளர்ந்தவர். கால் பாலி பொமோனா பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டாக ஆடினார். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு அந்த இடத்துக்கு உரியது. 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணி அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவு மகளிர் பட்டத்தை வென்றது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர் டார்லீன் மே, 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர். பயிற்சியாளரே விசில் பிடித்தவராக இருந்தால், நடுவர் பணி என்பது ஆடி ஓய்ந்தவர்கள் பொழுதைக் கழிக்க வருகிற இடம் என்ற எண்ணம் மாணவிகளுக்கு எப்படி வரும்?

ஆடியவர் ஊதினால் தவறு வராது என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆடியவருக்கு ஆட்டத்தின் போக்கு தெரியும். அடுத்து பந்து எங்கே போகும், யார் யாரை மறிக்க வருவார் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்துவிடுவார். ஆனால் ஆட்டக்காரரின் கண் பழக்கத்தால் பந்தின் பின்னாலேயே ஓடும். நடுவராக விரும்புபவர் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். என்.பி.ஏ.வில் 1988-89 பருவத்திலிருந்து ஓர் ஆட்டத்துக்கு மூன்று நடுவர்கள் இருக்கிறார்கள்; பந்து ஒருவருடைய பகுதியில் இருக்கும்போது மற்ற இருவரும் பந்தில்லாத ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம் அணியினருக்கு வழி கிடைக்க எதிராளியை மறித்து நிற்கும் ஸ்கிரீனைப் போடும்போது இடுப்பை நீட்டுவதும், வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு முன்பே கையைப் பிடித்து இழுப்பதும், அரங்கில் ஒருவர் கண்ணிலும் படாமல் அங்கேதான் நடக்கின்றன.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் இது. கோடை விடுமுறையில் பெரியகுளம் போன்ற ஊர்களில் விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் காட்சி உடனே புரியும். ஒருவர் பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்கிறார். குறுக்கே ஒருவர் வந்து நிற்கிறார். இருவரும் மோதி விழுகிறார்கள். கேலரியில் பாதிப் பேர் தடுத்தவர்மீது தவறு என்கிறார்கள், மீதிப் பேர் பாய்ந்தவர்மீது தவறு என்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பார்த்தது பந்தோடு வந்தவரை மட்டுமே. நடுவர் பார்த்திருக்க வேண்டியது குறுக்கே நின்றவரை. பந்துக்காரர் மேலே எழும்புவதற்கு முன்பே அவர் தம் இடத்தைப் பிடித்துவிட்டாரா? அடி வாங்கியது அவருடைய மார்பிலா, அல்லது அவசரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து வந்த தோளிலும் இடுப்பிலுமா? இந்தக் கேள்விகளுக்கு விழுந்த பிறகு விடை தேட முடியாது. மோதலுக்கு முன்பே தடுப்பவர்மீது கண் பதிந்திருந்தால்தான் விடை கிடைக்கும். மறுபடியும் சொல்கிறேன், மோதலுக்கு முன்பே.

பால்மர் என்.பி.ஏ.வுக்குள் வந்த அதே 1997-98 பருவத்தில்தான் வளையத்துக்குக் கீழே 4 அடி ஆரமுள்ள அரைவட்டத்தை அந்தத் தொடர் கொண்டுவந்தது. தடுப்பவர் அதற்குள் நின்றுகொண்டு, பாய்ந்து வந்தவர் தம்மீது மோதினார் என்று முறையிட முடியாது. ஆக, நடுவர் தடுப்பவரின் மார்பையும் பார்க்க வேண்டும், அவருடைய காலணி அந்தக் கோட்டைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில். நம் ஆட்டங்களுக்குப் பொருந்தும் பன்னாட்டு விதிகளில் இத்தகைய அரைவட்டம் 2010ஆம் ஆண்டில்தான் வந்தது. மகளிர் கல்லூரி ஆட்டங்களில் ஊதிப் பழகியிருந்த பால்மர், புதிய கோடும் பெருவேக ஆட்டக்காரர்களும் சேர்ந்து வந்த ஒரு பருவத்தில், தம் கண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார் என்பதே அவரிடம் நான் மிகவும் மதிக்கும் செய்தி.

அவரை எல்லாரும் வரவேற்கவில்லை. ஆண்கள் ஆடும் ஆட்டத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று புகழ்பெற்ற ஆட்டக்காரர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள். 2007ஆம் ஆண்டிலும் ஒரு வானொலி வர்ணனையாளர் அவரைச் சமையலறைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பால்மரோடு அதே பருவத்தில் சேர்ந்த மற்றொரு பெண் நடுவரான டீ கான்ட்னர் 2002இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் 2014இல் லாரன் ஹோல்ட்காம்ப் முழுநேர நடுவராகச் சேரும்வரை, அந்தத் தொடரில் பால்மர் மட்டுமே பெண் நடுவர். அத்தனை ஆண்டுகள் ஒருவரே பெண்ணினத்தின் சார்பாக நிற்கும் நிலையில், அவர் ஊதிய ஒவ்வொரு விசிலும் பெண்கள் அனைவரின் தகுதிக்கும் சோதனையாகப் பார்க்கப்பட்டது. இது நியாயமே இல்லை. ஆண் நடுவர் ஒருவர் தவறாக ஊதினால் அந்தத் தவறு அவரோடு முடிந்துபோகிறது.

நேரம் குறைவாக இருப்பதால் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஏப்ரலில் இந்தியானா பேசர்ஸ், நியூ ஜெர்சி நெட்ஸ் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில், பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் நடுவராக நின்ற முதல் பெண் ஆனார். 2014இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த, தொடரின் முன்னணி ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்திலும் அவர் நடுவராக இருந்தார். 900க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குப் பிறகு, முழங்கால் ஒத்துழைக்காததால் 2016இல் ஓய்வு பெற்றார். நடுவர்களின் உடல்தகுதியைப் பற்றித் தனியே பேச எண்ணியிருந்தேன். அதற்கு இப்போது இடமில்லை. விளையாடிக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவியரும் ஆடி முடித்த பெண்களும் நடுவர் தேர்வுகளைப் பற்றி உங்கள் மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். அடுத்த முறை திடலுக்குப் போகும்போது, ஒரு பத்து நிமிடமாவது பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவரை மட்டும் பார்த்துப் பழகுங்கள். வணக்கம்.